அச்சமும் ஆங்கிலமும்: ஒரு ரயில் அட்டவணையின் கதை

தமிழில் சில விஷயங்களை நாம் செய்வதில்லை, அவை நமக்கு வருகின்றன. கோபம் வருகிறது, அழுகை வருகிறது, தூக்கம் வருகிறது, வெட்கம் வருகிறது. இதே வாக்கிய அமைப்பில்தான் இன்னொன்றையும் சொல்கிறோம்: "எனக்கு இங்கிலீஷ் வராது." 'தெரியாது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விருத்தாசலத்தில் நான் வளர்ந்த தெருவில் அதிகம் காதில் விழுந்தது 'வராது'தான். தெரியாத ஒன்றை நாளைக்குத் தெரிந்துகொள்ளலாம். வராத ஒன்றை என்ன செய்வது? வரும்வரை காத்திருக்கலாம், அல்லது வராது என்று ஒத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாம். எங்கள் ஊரில் பலர் இரண்டாவதைத்தான் செய்தார்கள்.

நீச்சல் வராது, பாட்டு வராது, கணக்கு வராது என்றும் சொல்கிறோம்தான். ஆனால் நீச்சல் வராதவன் மணிமுத்தாற்றங்கரையில் தலைகுனிந்து நிற்பதில்லை. ஆங்கிலம் வராதவன் குனிகிறான். ஒரு மொழியைக் கற்பிப்பது பற்றி யோசிக்கும்போது எழுத்து, இலக்கணம், உச்சரிப்பு என்றுதான் யோசிக்கிறோம். அந்தக் குனிந்த தலை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. இந்தத் தலை எப்போது குனிய ஆரம்பித்தது, அதை நிமிர்த்த யாராவது முயன்றார்களா என்று தேடப்போனபோது, எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பதில் கிடைத்தது. அது எங்கள் ஊர்க்காரர்களில் பலருக்கும் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

சட்டாம்பிள்ளையின் பிரம்பு

ஆங்கிலம் வருவதற்கு முன் நம் பள்ளிக்கூடங்களில் பயமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வருகிறது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுத்து, வாய்ப்பாடு, மனப்பாடம். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பும் அவன் கையில்தான். கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் உட்பட தண்டனைகளுக்குக் குறைவில்லை. உ.வே.சா. தன் வரலாற்றில் அந்தக் காலத் திண்ணைப் பள்ளியை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்.

அந்தப் பயத்துக்கும் பின்னால் வந்த பயத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. திண்ணையில் பையன் பயந்தது பிரம்புக்கு. தான் பேசும் மொழிக்கு அல்ல.

இந்தத் திண்ணைப் பள்ளி ஒரு வேடிக்கையான வெளிநாட்டுப் பயணமும் போனது. 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மணலையும், மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவர் இதே போன்ற முறையைத் தனியாக நடத்தினார். அவருக்குப் பிரம்படி பிடிக்காது. அதற்குப் பதில் அவர் கண்டுபிடித்தது அவமானம். தவறு செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்து வகுப்பின் கூரைக்கு ஏற்றித் தொங்கவிடுவார்கள். கீழே இருக்கும் மற்ற பையன்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதுதான் தண்டனை.

நம் சட்டாம்பிள்ளை முறை கடல் கடந்து போய் இப்படி ஒரு உருவமும் எடுத்தது. உடம்பில் விழுந்த அடி மனசுக்கு மாறியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த இருநூறு ஆண்டுகளில் நம் ஆங்கில வகுப்புகளில் நடந்ததும் பெரும்பாலும் இந்தக் கூடைதான்.

தேறாதவர்கள்

1835இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. 1844இல் தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச், ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. இந்த மூன்று ஆண்டுகளையும் பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்காகப் படித்திருக்கிறோம். ஒரு குடும்பத்துக்குள் இதன் பொருள் என்னவென்று யாரும் கேட்டதில்லை. ஒரு மொழி வேலையோடு கட்டப்பட்டுவிட்டது. தேர்வில் அது போனால் மற்றதெல்லாம் போச்சு. ஒரு பையனின் நாக்கில் குடும்பத்தின் அடுத்த தலைமுறைச் சாப்பாடு உட்கார்ந்துகொண்டது.

இதில் சிக்கியவர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் உண்டு. 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தேறவில்லை. உதவித்தொகை போனது. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். பதினேழு வயசு. மேதையின் வாழ்க்கையில் ஒரு சுவாரசியமான திருப்பம் என்று இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் ஆங்கிலத் தேர்வில் தோற்று வீட்டில் முகம் காட்ட முடியாமல் ஓடிப்போகும் பையன் நம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறான். மற்றவர்களுக்கு ஹார்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ராமானுஜன் 1913இல் ஹார்டிக்கு எழுதிய கடிதம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு இருபது பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை அடுக்கினார். தேர்வுக்காக எழுதச் சொன்னபோது வராத மொழி, சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தபோது வேலை செய்தது. இதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம்.

எல்லாருக்கும் ஆங்கிலம் பயமாகவே இருந்தது என்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒருவர் 1906இல் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். சொ. விருத்தாசலம். புதுமைப்பித்தன் என்றால் தெரியும். உலகச் சிறுகதைகளை ஆங்கிலம் வழியாகப் படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு ஆங்கிலம் ஒரு ஜன்னல். ஆனால் ஜன்னல் திறந்தவர்கள் எப்போதும் சிலர்தான். மற்றவர்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

கூட்டமாகச் சொல்வதன் நிம்மதி

சுதந்திரத்துக்குப் பின் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. 1950களில் 'ஸ்ட்ரக்சுரல்' பாடத்திட்டம் வந்தது. இலக்கணச் சூத்திரம் வேண்டாம், மொழிபெயர்ப்பு வேண்டாம். வாக்கிய வடிவங்களை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். 'திஸ் இஸ் எ புக், தட் இஸ் எ டோர்.' இதைக் கற்பிக்க ஆசிரியர்களைத் தயார்செய்ய, பிரிட்டிஷ் கவுன்சிலின் உதவியோடு ஒரு சங்கிலி போட்டார்கள். கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு. உருள உருளப் பெரிதாகும் பனிப்பந்து என்று இதற்குப் பெயர். பனியே பார்க்காத ஊருக்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்'. 1962இல் இதுபற்றி வெளியான கட்டுரையின் தலைப்பே 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் முயற்சி என்றுதான் சொல்கிறது.

இந்த முறையை இன்று எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். கிளிப்பிள்ளைப் பாடம் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கருணையும் தெரிகிறது. நாற்பது பேர் சேர்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லும்போது யார் தப்பாகச் சொன்னது என்று தெரியாது. கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். நான் படித்த பள்ளியிலும் மூன்றாம் வகுப்பில் கோரஸாகச் சொன்ன ஆங்கிலத்தில் எனக்குப் பயமே இருந்ததில்லை. கத்துவதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பயம் ஆரம்பித்தது, "நீ மட்டும் எழுந்து சொல்லு பாக்கலாம்" என்ற நாளில்தான். "என்னாடா முழிக்கிற? வாயில என்னா வச்சிருக்க?" என்பார் ஆசிரியர். பின்பெஞ்சில் யாரோ சிரிப்பார்கள். லங்காஸ்டரின் கூடை மேலே ஏறிவிடும்.

ஆனால் அந்த முறையின் குறையும் அதேதான். மேசை மேல் புத்தகம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்வதற்கு எதுவும் இல்லாத இடத்தில் மொழி வெறும் வாய்ப்பயிற்சி. ஐந்தாண்டு 'திஸ் இஸ் எ புக்' சொன்ன பையன், ரயில் நிலையத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால் ஓடிப்போவான்.

கடலூருக்கு வந்த பரிசோதனை

இந்தச் சலிப்பிலிருந்துதான் 1979இல் ஒரு பரிசோதனை தொடங்கியது. என்.எஸ். பிரபு அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விக்கான அதிகாரி. பெங்களூரில் இருந்த மண்டல ஆங்கில நிறுவனத்தின் ஒத்துழைப்போடு ஆரம்பித்ததால் உலகம் அதை 'பெங்களூர் புராஜெக்ட்' என்றே அழைக்கிறது. 1984 வரை ஐந்தாண்டுகள் நடந்தது. வகுப்புகள் பெங்களூரில் மட்டும் நடக்கவில்லை. சென்னையிலும் நடந்தன, கடலூரிலும் நடந்தன. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். விருத்தாசலத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் சொச்சம். உலகம் முழுக்க மொழி கற்பித்தல் பற்றிப் படிப்பவர்கள் பாடமாகப் படிக்கும் ஒரு பரிசோதனையில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

பிரபுவின் எண்ணம் எளிமையானது. மொழியின் வடிவத்தைக் கவனிக்காமல் பொருளில் மூழ்கியிருக்கும்போதுதான் வடிவம் மனதில் படிகிறது. எனவே வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்காதே, ஆங்கிலத்தில் ஒரு புதிரைக் கொடு. கருவிகள் என்று பெரிதாக எதுவும் இல்லை. கரும்பலகை, சாக்பீஸ், தாள். ஊர் வரைபடம், வீட்டின் தரைப்படம், விலைப்பட்டியல், ரயில் கால அட்டவணை.

நானே ஒன்று செய்து காட்டுகிறேன், நேரங்கள் என் கற்பனை. ஒரு ரயில் கடலூரில் காலை 8.10க்குப் புறப்பட்டு 9.40க்கு விருத்தாசலம் சேர்கிறது. சேலம் வண்டி அங்கிருந்து 9.30க்கு. அடுத்தது 2.15க்கு. கடலூரிலிருந்து வருபவர் சேலத்துக்கு எந்த வண்டியைப் பிடிக்கலாம்? எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எங்கள் ஊர் ஜங்ஷன். சென்னையிலிருந்து திருச்சி போகும் கார்டு லைனும் கடலூர் – சேலம் பாதையும் சந்திக்கும் இடம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத பையன் எங்கள் ஊரில் கிடையாது.

முதலில் ஆசிரியர் முழு வகுப்போடு சேர்ந்து இதுபோல ஒன்றைப் போடுவார். கேள்வி, பதில், மறுபடி கேள்வி. இது முன்பணி. பிறகு கொஞ்சம் மாற்றிய இன்னொன்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். பதில் ஒரு சொல்லாக இருக்கலாம், ஒரு எண்ணாக இருக்கலாம். 'முழு வாக்கியத்தில் சொல்' என்ற மிரட்டல் இல்லை. மதிப்பெண் பதிலின் சரிக்கும் தப்புக்கும்தான், இலக்கணத்துக்கு இல்லை. பையன் உடைந்த ஆங்கிலத்தில் சரியான வண்டியைச் சொன்னால், ஆசிரியர் அதையே சரியான வாக்கியத்தில் இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். வீட்டில் குழந்தை பேசும்போது அம்மா செய்வதுபோல. ஒரு பணி வகுப்புக்குப் பொருத்தமானதா என்பதற்கு பிரபு வைத்த அளவுகோலும் சுவையானது: வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்ய முடிய வேண்டும். மிக எளிது என்றால் அவமதிப்பு, மிகக் கடினம் என்றால் பயம். நடுவில் ஒரு இடம்.

கருத்துச் சொல்லச் சொல்லாதே

அதே காலத்தில் மேற்கிலும் உணர்ச்சி பற்றிய பேச்சு சூடுபிடித்திருந்தது. ஸ்டீபன் கிராஷன் 1980களின் தொடக்கத்தில் 'உணர்ச்சி வடிகட்டி' என்ற கருத்தைப் பிரபலப்படுத்தினார். பயமும் பதற்றமும் இருந்தால் காதில் விழும் மொழி உள்ளே இறங்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்றார். 1986இல் எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் வேற்றுமொழி வகுப்பின் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். நான் பேசினால் மற்ற மாணவர்கள் சிரிப்பார்கள் என்ற பயமும் அதில் ஒரு கூற்று. டெக்சாஸில் ஸ்பானிஷ் படித்தவர்களிடம் எடுத்த அளவுகோலில் எங்கள் பின்பெஞ்சுச் சிரிப்பு இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இது நம் சாபம் மட்டும் இல்லை.

இதிலிருந்து பல பயிற்சியாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம்: மாணவனின் உணர்வுகளைப் பேசவை. உனக்கு என்ன பிடிக்கும், நீ எப்படி உணர்கிறாய், குழுவாக உட்கார்ந்து கலந்து பேசுங்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது.

பிரபு இங்கேதான் வேறு திசையில் போகிறார். 1987இல் வெளிவந்த தன் நூலில் அவர் பணிகளை மூன்றாகப் பிரிக்கிறார். ஒருவரிடம் இருக்கும் தகவலை இன்னொருவருக்குக் கடத்துவது ஒன்று. கொடுத்த தகவலிலிருந்து யோசித்துப் புதிய விடையைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. சொந்த விருப்பத்தையும் உணர்வையும் கருத்தையும் சொல்வது மூன்றாவது. அவருடைய வகுப்புகளில் நன்றாக வேலை செய்தது இரண்டாவது. மூன்றாவது, தொடக்கநிலை மாணவர்களுக்குப் பொருந்தவில்லை. கருத்துக்கு முடிந்த முடிவான விடை கிடையாது. சரியா தப்பா என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில், மொழியும் கைவராத பையன் இரண்டு முறை தொலைந்துபோகிறான். ரயில் புதிரில் அப்படி இல்லை. 2.15 வண்டி என்றால் 2.15 வண்டிதான். அட்டவணையைக் காட்டி வாதாடலாம். அவனுக்குக் காலூன்ற ஒரு தரை இருக்கிறது.

குழுவேலையையும் அவர் தன் வகுப்புகளில் முன்னிறுத்தவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசிரியர் முன் தோற்பதைவிடச் சக மாணவர் முன் தோற்பது ஒருவரின் தன்மானத்தை அதிகம் காயப்படுத்தக்கூடும் என்கிறார். கூடையில் ஏறியவனுக்கு இது தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், பயந்தவனிடம் உன் பயத்தைப் பற்றிப் பேசு என்று சொல்வது கருணை இல்லை. பயத்தை மறக்கும் அளவுக்கு யோசிக்க ஒரு வேலை கொடுப்பதுதான் கருணை.

என் தலைமுறை இதற்கு நேர் எதிரான வகுப்பில் உட்கார்ந்தது. தமிழ் வழியில் படித்து, 2000களின் இறுதியில் பொறியியல் கல்லூரிக்குள் கூட்டம் கூட்டமாக நுழைந்த எங்களுக்கு 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். முதல் நாள், முதல் பணி: எழுந்து நின்று உன்னைப் பற்றிச் சொல். 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்தவர்களைப் பார்த்துப் பயிற்சியாளரே சிரித்தார். பிறகு 'குரூப் டிஸ்கஷன்'. எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து உலகமயமாக்கல் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். என் அறைத்தோழன் ஒருவன், நாங்கள் எல்லோரும் புரியாமல் விட்ட டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கணக்குகளை நள்ளிரவில் உட்கார்ந்து போட்டுக்காட்டுவான். வளாகத் தேர்வில் எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டான். அந்த வட்டத்தில் பத்து நிமிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. வெளியே வந்து, "எனக்குக் கருத்தே இல்லடா" என்றான். அவனிடம் ஒரு புரோகிராமைக் கொடுத்து எங்கே தப்பு என்று கேட்டிருந்தால் ஆங்கிலத்திலேயே சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

வாத்தியாரின் பயம்

பிரபுவின் முறை அவ்வளவு நல்லது என்றால் ஏன் பரவவில்லை? 1985இல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் செய்த மதிப்பீடு, சில வரம்புகளோடு, பரிசோதனைக்குச் சாதகமாகவே இருந்தது. வடிவத்தைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்புகள் முன்னே நின்றன, பணியைச் சோதிக்கும் தேர்வில் பரிசோதனை வகுப்புகள். இரண்டுக்கும் பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் பரிசோதனை வகுப்புகளின் கை ஓங்கியிருந்தது. ஆனால் அந்த வகுப்புகளைப் பெரும்பாலும் நடத்தியவர்கள் ஆங்கிலம் கற்பித்தலில் தனிப் பயிற்சி பெற்றவர்கள். பெரெட்டா பின்னர் ஆசிரியர்களை மட்டும் தனியாக ஆராய்ந்தபோது, வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் பலருக்கு அந்த முறை முழுதாகக் கைவரவில்லை என்று தெரிந்தது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 'திஸ் இஸ் எ புக்' வகுப்பில் ஆசிரியருக்கு அடுத்த வரி என்னவென்று தெரியும். ரயில் அட்டவணை வகுப்பில் பையன் என்ன கேட்பான் என்று தெரியாது. அவன் கேட்டதற்கு அந்த இடத்திலேயே, ஆங்கிலத்தில், பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஆசிரியரும் நம் ஊர்ப் பள்ளியில் அதே கூடையில் ஏறி இறங்கியவர்தான். நோட்ஸ் அவருக்கு ஒரு கவசம். "வாயில என்னா வச்சிருக்க" என்று அவர் அதட்டியதில் பாதி, தன்னை யாரும் கேட்டுவிடக்கூடாதே என்ற பதற்றம். மாணவனின் பயத்தைப் பற்றி நூறு கட்டுரை வந்திருக்கிறது. அதன் மறுபக்கத்தில் கரும்பலகையோரம் நிற்கும் பயத்தை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. பிரபு 1990இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த இடத்துக்கு அருகில் வருகிறது. சிறந்த முறை என்று எதுவும் கிடையாது, தான் செய்வது பலன் தரும் என்று ஆசிரியர் உள்ளூர நம்ப வேண்டும், அந்த நம்பிக்கை உயிரோடு இருக்க வேண்டும் என்கிறார்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், தொடக்கப் பள்ளிகளில் ஒரு நல்ல காரியம் செய்தது. ஆசிரியரைத் தரையில் உட்காரவைத்தது. ஏணி, அட்டைகள், அவரவர் வேகத்தில் படிப்பு. எழுந்து நின்று எல்லார் முன்னும் சொல்லும் தருணங்கள் குறைந்தன. ஆனால் அது கீழ் வகுப்புகளோடு நின்றது. மேல் வகுப்பில் பழைய பெஞ்சு, பழைய நோட்ஸ், பழைய சிரிப்பு.

இது வேலைடா

விருத்தாசலத்தில் பயமில்லாத ஆங்கிலம் கேட்க வேண்டுமென்றால் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். கொலுப் பொம்மை, மின்சாரத்துக்கான பீங்கான் கட்டைகள் என்று சின்னச் சின்னப் பட்டறைகள். ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு அரசு டிப்ளமா கல்லூரியும் உண்டு. என் சித்தப்பா முறையுள்ள ஒருவர் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர், எட்டாவதோடு நின்றவர். "ஸ்லிப்பு தண்ணியா இருந்தா மோல்டுல புடிக்காது. பிஸ்கட் ஃபயரிங் முடிஞ்சிதான் கிளேஸ் போடணும். கில்ன்ல டெம்பரேச்சர் ஏத்துறத அவசரப்பட்டா கிராக்கு வுட்டுரும்" என்று ஒரே மூச்சில் சொல்வார்.

"என்னா சித்தப்பா, இவ்ளோ இங்கிலீஷு பேசுறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இதுல எங்கடா இங்கிலீஷு இருக்குது? இது வேலைடா" என்றார்.

பிரபு ஒரு புத்தகத்தில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அந்தச் சொற்களை அவர் யார் முன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவை களிமண்ணோடும் நெருப்போடும் சேர்ந்து வந்தன. தப்பாகப் புரிந்துகொண்டால் பொம்மைதான் விரியும், ஆள் விரியமாட்டான். சொற்கள் மட்டும் ஒரு மொழி ஆகிவிடாது, தெரியும். அவர் இதே விஷயத்தை ஆங்கிலக் கடிதமாக எழுதமாட்டார். ஆனால் ஒரு மொழி எந்த வாசல் வழியாகப் பயமில்லாமல் உள்ளே வரும் என்பதற்கு அவர் சாட்சி.

என் தொழிலிலும் இதைப் பார்க்கிறேன். கம்பைலர் தப்பைச் சொல்லும்போது வரி எண்ணைச் சொல்லும், சிரிக்காது. நாளுக்கு நூறு தப்பு வந்தாலும் யாரும் தலைகுனிவதில்லை. பெரிய கோளாறு நடந்து சேவை நின்றுபோனால், பல நிறுவனங்களில் பிறகு கூடிப் பேசும்போது 'யார்' என்று கேட்கக்கூடாது, 'எப்படி' என்றுதான் கேட்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல மனசினால் வந்த விதி இல்லை. பயந்தவன் தப்பை மறைப்பான், மறைத்த தப்பு மறுபடி வரும் என்ற கணக்கு. வகுப்பில் மட்டும் ஏன் இன்னும் 'யார்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

2012–13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். 'வராது' என்ற சொல்லைத் தங்கள் பிள்ளை சொல்லக்கூடாது என்று நினைக்கிறார்கள், அந்த ஆசை நியாயமானது. ஆனால் முன்பு ஆங்கிலம் என்ற ஒரு பாடத்தில் மட்டும் இருந்த பயம் இப்போது அறிவியலிலும் வரலாற்றிலும் உட்கார்ந்துகொள்கிறது. ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொண்ட பிள்ளை, அதைச் சொல்லத் தெரியாததால் புரியாத பிள்ளையாகிறது. தமிழ் வழியா ஆங்கில வழியா என்று மேடைக்கு மேடை வாதம் நடக்கிறது. நடக்கட்டும், அது அவசியமான வாதம்தான். எந்த வழியானாலும் எழுந்து நிற்கும் பிள்ளையிடம் என்ன கேட்கப்போகிறோம், தப்பாகச் சொன்னால் என்ன செய்யப்போகிறோம் என்பதையும் யாராவது பேச வேண்டும்.

கடலூரில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். அவர்களில் சிலர் எங்கள் ஜங்ஷனில் என்னோடு வண்டிக்குக் காத்திருந்திருக்கலாம். தாங்கள் ஒரு உலகப் புகழ்பெற்ற பரிசோதனையில் இருந்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் ஆங்கில வகுப்பில் ரயில் கணக்குப் போட்டோம், அப்போது யாரும் சிரிக்கவில்லை என்று மட்டும் நினைவிருந்தால் போதும்.